மேல் வீட்டுக் கொக்கும் கீழ் வீட்டுப் பெருச்சாளியும்

சர்ச்சிலிருந்து திரும்பிய அன்னபுஷ்பம் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் மாடிப்படியின் மேலிருந்து ஒரு குரலும் கீழிருந்து ஒரு குரலும் அவளைப் பிடித்துக்கொண்டன.

மேலே நின்றவள் பிரவீனா. கையில் ஒரு வெள்ளைக் கோட்டு. செல்போன் கம்பெனியில் லைனில் நிற்கும்போது போட்டுக்கொள்வது. தோள்பட்டையிலிருந்து பாக்கெட் வரைக்கும் கொக்கு எச்சம் வழிந்து காய்ந்திருந்தது. கீழே நின்றவன் கோமதிநாயகம், சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், கார் சீட்டு செய்யும் கம்பெனியில் வேலை. அவன் கையில் ஒற்றை சேஃப்டி ஷூ. முன்பக்கத்துத் தோலை ஏதோ கடித்துக் குதறி உள்ளே இருந்த இரும்பு பளிச்சென்று தெரிந்தது.

“இன்னா ஆன்ட்டி இது? இத்தப் போட்டுகினு நான் எப்டி லைன்ல நிக்கறது?” என்றாள் பிரவீனா.

“அம்மா, மொதல்ல இதப் பாருங்க. அது துணிதான, தொவச்சாப் போயிரும். இது தொவச்சா முளைக்குமா?” என்றான் கோமதிநாயகம்.

“தொவச்சாப் போவுமா? ஒருவாட்டி நீ தொவச்சிப் பாரு. மீன் நாத்தம் எந்த சோப்புக்கும் மசியாது.”

“கொக்கு வெளிய இருந்து எச்சம் போடுது, அவ்ளோதான். பெருச்சாளி உள்ள வந்து குடித்தனம்லா நடத்துது.”

“குடித்தனம் நடத்துனா வாடகை கேளு,” என்று மேலே அறைக்குள்ளிருந்து இன்னொரு குரல் வந்தது. அது பிரவீனாவின் கணவன் ரகு. ஃபோர்க்லிப்ட் ஓட்டிவிட்டு வந்து படுத்தவன், படுத்தபடியே பேசினான்.

அன்னபுஷ்பம் படியில் உட்கார்ந்துவிட்டாள். “ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க. இல்லாங்காட்டி ரெண்டு பேரும் பேசாதீங்க. எனுக்கு இப்பவே மண்ட காயுது.”

நடுவில் நிற்பதே அவள் பிழைப்பாகிவிட்டிருந்தது. கல்யாணமாகி பென்னலூருக்கு வந்த புதிதில் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் நடுவில் நின்றாள். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது, கோர்ட்டுக்குப் போகலாம் என்ற கொழுந்தனுக்கும் வாங்கிக்கொண்டு ஒதுங்கலாம் என்ற கணவனுக்கும் நடுவில் நின்றாள். சர்ச் பாடகர் குழுவில் இரண்டு கட்சி உண்டு. இரண்டுமே அவளிடம்தான் வந்து மூக்கைச் சிந்தும். யார் பக்கமும் சாயாதவள் என்று ஊரில் அவளுக்கு ஒரு நல்ல பெயர். அந்தப் பெயரால் அவளுக்குக் கிடைத்த லாபம் தலைவலி மட்டும்தான்.

நிலம் போன கையோடு இந்த வீட்டை அவள்தான் அடம்பிடித்துக் கட்டவைத்தாள். கீழே நாலு அறை, மேலே நாலு அறை, தெருவைப் பார்த்த முன்பகுதியில் அவளும் கணவரும். கணவர் ஜெபதாஸ் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருந்து ஓய்ந்தவர். மகன் ஓசூரில், மகள் வேலூரில். குடியிருப்பவர்கள் எல்லாரும் ஷிஃப்ட்டுக்குப் போகிற பிள்ளைகள். ஒரு பஸ் இறக்கிவிட்டுப் போனால் இன்னொரு பஸ் ஏற்றிக்கொண்டு போகும்.

வீட்டுக்குப் பின்னால் மதிலை ஒட்டி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ வாங்கி வேலி போட்டு அப்படியே விட்ட காலி மனை. அதில் முள்ளும் புதருமாக மண்டிக் கிடக்க, ஒரு கேட்டரிங் வண்டி மிச்சச் சோற்றைக் கொண்டுவந்து அங்கேதான் கொட்டும். அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்த பெருச்சாளிகள், ஐப்பசி மழையில் தங்கள் வளைகளில் தண்ணீர் ஏறியதும் மதிலுக்கு அடியில் குடைந்துகொண்டு கீழ் அறைகளுக்கு வந்தன. ஏரிக்குப் போகும் ரோட்டை அகலப்படுத்த மரங்களை வெட்டியதால் கொக்குகளும் அந்த வருஷம்தான் இந்த மரத்துக்கு வந்தன. உண்ணிக்கொக்கு, மடையான், இரவெல்லாம் ‘வக், வக்’ என்று கத்தும் வக்கா என்று எல்லா இனமும் ஒரே மரத்தில் கூடு கட்டின. மரத்தின் பாதிக் கிளைகள் மாடியில் துணி காயப்போடும் கொடிக்கு நேர் மேலே இருந்தன.

ஜெபதாஸ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் ரசித்துக்கொண்டிருந்தார். கேட்டில் நின்ற காலத்தில் ராத்திரி முழுக்கப் பெருச்சாளியையும், விடிந்தால் கம்பெனிக் குளத்தில் கொக்கையும் பார்த்துப் பழகியவர். அதனால் இரண்டையும் பற்றி அவருக்கு நிறையக் கருத்து இருந்தது.

“நல்லா ரோசனை பண்ணிப் பாத்தா, அன்னம், ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசம் கீது. கொக்கு எல்லாருக்கும் தெரியறா மாதிரி நடுத்தண்ணில நிக்கும். ஆனா நவுராது. பெருச்சாளி நவுந்துகினே இருக்கும், ஆனா யாருக்கும் தெரியாது. கொக்கு குஞ்சு பொரிச்சிதுன்னா தை மாசத்துல காலி பண்ணிகினு போயிடும். லீசுக்கு வந்தா மாதிரி. பெருச்சாளி போவாது. பட்டா போட்டுக்கும்.”

“முடிச்சிட்டீங்களா?”

“இன்னும் கீது.”

“மீதிய அப்றம் சொல்லுங்க. எழுந்து போயி மரம் வெட்ற நாகப்பன இட்டுகினு வாங்க.”

நாகப்பன் வந்தான். அரிவாளை இடுப்பில் சொருகிக்கொண்டு மரத்தில் பாதி வரை ஏறினான். கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்த, அவன் தலையிலும் முதுகிலும் எச்சம் விழுந்தது. ஏறிய வேகத்திலேயே இறங்கிவிட்டான்.

“எல்லாக் கூட்லயும் குஞ்சு கீதும்மா. மழ விட்டு அதுங்க பறந்து போற வரைக்கும் நான் கைய வெக்கமாட்டேன். யாராவது போட்டோ எடுத்துப் போட்டா ஃபாரஸ்ட்டுகாரன் என்னத்தான் புடிப்பான். உன்ன இல்ல.”

“ரெண்டு கிளைய மட்டும் வெட்டேன்.”

“ரெண்டு கிளைன்னா பத்துக் கூடு,” என்று சொல்லிவிட்டு அவன் தண்ணீர்க் குழாயடியில் தலையைக் கழுவிக்கொண்டு போனான்.

இதைக் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்த கோமதிநாயகத்துக்கு முகம் தொங்கிவிட்டது. “மேல இருக்கவங்களுக்குன்னா ஆள் வருது. எங்களுக்கு என்னம்மா செஞ்சீங்க? ஸ்டோர்ல கேட்டா, ஷூ குடுத்து ஆறு மாசம் ஆகலங்கான். நான் ஒரு கால்ல புது ஷூ, ஒரு கால்ல கிழிஞ்ச ஷூ போட்டுட்டு நிக்கேன். சூப்பர்வைசர் பாத்துச் சிரிக்கான்.”

அவளுக்குப் பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பஜாருக்குப் போய் ஒரு இரும்புக் கூண்டு வாங்கி வந்து, கருவாட்டுத் துண்டு மாட்டி வைத்தாள். காலையில் கூண்டு குப்புறக் கிடந்தது, கருவாட்டைக் காணவில்லை. மறுநாள் தேங்காய்ச் சில்லு வைத்தாள். அன்றைக்குக் கூண்டையே காணவில்லை. மதிலோரச் சாக்கடை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்ப் போட்டிருந்தது. வேறு வழியில்லாமல் எலி மருந்துக் கட்டிகளை வாங்கி வளைக்குள் தள்ளினாள். அதுதான் அவள் செய்த பெரிய தப்பு.

அடுத்த வாரம் வீட்டைச் சுற்றி ஒரு நாற்றம் கிளம்பியது. சாதாரண நாற்றம் இல்லை. பால்காரர் பாக்கெட்டைக் கேட்டில் தொங்கவிட்டு ஓடினார். கீழ் அறைக்காரர்கள் அது மேலே இருந்து வருகிறது என்றார்கள். மேல் அறைக்காரர்கள் அது கீழேயிருந்து ஏறுகிறது என்றார்கள். அதுவரை தனித்தனியாகப் புலம்பியவர்கள் இப்போது கூட்டமாக வந்து நின்றார்கள்.

“செத்த பெருச்சாளி நாத்தம் எனுக்குத் தெரியும்,” என்றான் ரகு. “இது அதுதான்.”

“மீன் அழுகுனா எப்படி நாறும்னு எனக்கும் தெரியும்ணே,” என்றான் கோமதிநாயகம். “மேல சன்ஷேடப் போயிப் பாருங்க.”

“எதுவா இருந்தா இன்னா?” பிரவீனா வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு பேசினாள். “என்னால சோறு துன்ன முடியல. தண்ணி குடிக்க முடியல. இத்த நிறுத்துங்க ஆன்ட்டி, இல்லன்னா நாங்க வேற வூடு பாத்துக்கறோம்.”

அன்றைக்கு ஜெபம் பண்ண வந்திருந்த பாஸ்டர் வாசலில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டார். அவரிடமாவது ஒரு தீர்ப்புக் கிடைக்கும் என்று நினைத்து, “நீங்களே சொல்லுங்க ஐயா, கொக்கு மோசமா, பெருச்சாளி மோசமா?” என்று கேட்டாள். அவர், “வேதத்தில் நமக்கு எழுதிக் கொடுத்திருக்கிறபடி பார்த்தால் இரண்டுமே அசுத்தமானதுதான் சகோதரி,” என்றார். ஜெபத்தையும் சுருக்கமாக முடித்துக்கொண்டு கிளம்பினார்.

அன்னபுஷ்பம் புடவையை இழுத்துச் செருகினாள். ஏணியைச் சுவரில் சாய்த்து, ஜெபதாஸைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தானே ஏறினாள். பிரவீனாவின் ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடில் கொக்குகள் நழுவவிட்ட மீன்கள் கிடந்தன. கூட்டிலிருந்து விழுந்து செத்த ஒரு குஞ்சும் கிடந்தது. மழைத் தண்ணீரில் ஊறி எல்லாம் கூழாகியிருந்தது. கரண்டியால் வாளியில் வழித்துப் போட்டுக்கொண்டு இறங்கினாள். “பாத்தீங்களாம்மா,” என்று கோமதிநாயகம் நிமிர்ந்து நின்றான். ஆனாலும் நாற்றம் குறையவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு அவன் அறையின் மூலையில் தரையை உடைக்கச் சொன்னாள். சுத்தியல் நாலு அடி கூட விழவில்லை, தரை பெயர்ந்துவிட்டது. சிமெண்டுக்குக் கீழே மண்ணே இல்லாமல் குகை மாதிரி வெற்றிடம். அதற்குள் முயல் அளவுக்கு ஒரு பெருச்சாளி உப்பிக் கிடந்தது. “பாத்தியா தம்பி,” என்றான் ரகு.

அவள் இரண்டையும் ஒரே வாளியில் எடுத்துப் போய், காலி மனையோரம் ஒரே குழியில் போட்டு மூடினாள். கை கழுவிவிட்டு வந்தபோது முற்றத்தில் சண்டை இன்னும் நடந்துகொண்டிருந்தது. எது முதலில் நாறியது என்பது இப்போதைய விவகாரம். அதைக் கேட்டதும் இத்தனை வருஷம் யாரிடமும் உயர்த்தாத குரல் அவளுக்கு எங்கிருந்தோ வந்தது.

“நிறுத்துங்க. கொக்குதான் கஸ்டம்னு மேல சொல்றீங்க. பெருச்சாளிதான் கஸ்டம்னு கீழ சொல்றீங்க. அடுத்தவனுது ஒண்ணுமே இல்லன்றீங்க. அப்போ மாத்திக்கோங்க. கோமதி, நீ மேல போ. பிரவீனா, நீ கீழ வா. அந்த ஒண்ணுமே இல்லாதத்த ஆளுக்குக் கொஞ்ச நாளு அனுபவிங்க. என்னக் கூப்டாதீங்க.”

கோபத்தில் சொன்னது, யாரும் கேட்பார்கள் என்று அவளே நினைக்கவில்லை. ஆனால் கோமதிநாயகம், “எனக்குச் சம்மதம்,” என்றான். ரகு மறுக்க வாயெடுத்தான். அதற்குள் பிரவீனா, “நாம கீழ போலாம்,” என்று முந்திக்கொண்டாள். அவ்வளவு சட்டென்று அவள் ஒத்துக்கொண்டது அன்னபுஷ்பத்துக்கு அப்போதே ஒரு மாதிரி பட்டது. ஆனால் யோசித்துப் பார்க்கிற நிலையில் அவள் இல்லை. அடுத்த விடுமுறையில் இரண்டு கட்டிலும், கேஸ் அடுப்புகளும், ஒரு பிரிட்ஜும் படியில் ஏறி இறங்கின. உடைத்த தரையில் மண்ணைக் கொட்டி, மேலே ஒரு பலகையைப் போட்டு வைத்திருந்தார்கள்.

கோமதிநாயகம் தாங்கியது கொஞ்ச நாள்தான். “அம்மா, நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து படுத்தா இதுக தூங்க விடமாட்டேங்கு. விடிஞ்சதுலேர்ந்து ஒரே பஞ்சாயத்து. நான் உலத்துன பனியனப் பாருங்க.” பிரவீனாவின் அதே கொக்குப் பாட்டு, தென்காசிப் பக்கத்துப் பேச்சில். அன்னபுஷ்பத்துக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. ஆள் மாறி அதே புகார் வந்தால் புகாரில் பாதியாவது குறையும் என்று எதிர்பார்த்த தன் புத்தியைத்தான் நொந்துகொண்டாள்.

அதற்கு மறுநாள் காலையில் பிரவீனா வந்தாள். பெருச்சாளி பாட்டு ஆரம்பிக்கப்போகிறது என்று அன்னபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஆன்ட்டி, அந்தக் கொக்கு நாத்தம் இன்னும் வருது.”

“எங்க வருது?”

“எங்க ரூமுக்குள்ளதான்.”

“நீ கீழ கீற. ஜன்னலு அந்தப் பக்கம் கீது. மேல இருக்கறவனே நாத்தம்னு சொல்லல, சத்தம்னுதான் சொல்றான். உனுக்கு எப்டி வருது?”

“தெரில. காலைல எழுந்தா வருது. சாம்பார் தாளிச்சா வருது. பஸ்ல ஏறுனாக்கூட வருது.”

அன்னபுஷ்பம் கண்ணைத் திறந்து அவளைச் சரியாகப் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. நெஞ்சுக்குக் கீழே துப்பட்டாவை அகலமாக விரித்துப் போட்டிருந்தாள். இரண்டு பெற்றவள் நான். எத்தனையோ முறை இந்தப் பெண் என் எதிரில் நின்று வாயைப் பொத்தியது, கொக்கு கொக்கு என்று அழுதது. எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று அவளுக்குத் தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

“உள்ள வா. உக்காரு. எவ்ளோ நாளா தள்ளிப் போயிருக்கு?”

பிரவீனா உட்கார்ந்தாள். பதில் சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க ஆன்ட்டி. பொங்கலுக்கு அப்றம் காண்ட்ராக்ட் ரினிவல். வயித்துல இருக்குன்னு தெரிஞ்சா பேரே வராது. போன வருசம் என் பக்கத்துல நின்ன லீலாவ அப்டித்தான் நிறுத்திட்டாங்க.”

“ரகுவுக்குத் தெரியுமா?”

“தெரியும். அவரும் பயந்துகினு கீறாரு. படி ஏறி எறங்க சொல்ல மூச்சு வாங்குது. அதுக்குத்தான் நீங்க மாறுன்னு சொன்னதும் ஒத்துக்கினேன்.”

“பெருச்சாளி இல்லியா கீழ?”

“இருக்குது. ராத்திரில சுரண்டுது. நான் காலால தரையத் தட்டுவேன், நின்னுடும்.”

“அடிப்பாவி, இத்த வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏணில ஏறியிருப்பேனா?” என்றாள் அன்னபுஷ்பம். எழுந்து போய் எலுமிச்சம்பழம் ஒன்றை நறுக்கி உப்புத் தொட்டு அவள் கையில் கொடுத்தாள். “இத்த மோந்துகினே இரு. மெதுவா நக்கு.”

அன்று மத்தியானமே கொத்தனார் திரும்பி வந்தார். அன்னபுஷ்பம் பக்கத்திலேயே நின்றாள். உடைந்த பாட்டில்களைப் பொடித்து, ஜல்லியும் சிமெண்டும் கலந்து, மூலையிலிருந்த வெற்றிடத்தை நிரப்பச் சொன்னாள். மதிலோரம் நீளத்துக்கும் அதே போலப் பள்ளம் தோண்டிக் கொட்டவைத்தாள். கேட்டரிங் வண்டி சோறு கொட்ட வந்தபோது கேட்டுக்கு வெளியே போய் நின்று, டிரைவரிடம் அவள் பேசிய பேச்சு தெருமுனை வரை கேட்டது. ஜெபதாஸ் நாற்காலியிலிருந்து எழுந்து அவளுக்குப் பின்னால் போய் நின்றார். செக்யூரிட்டி தோரணை மட்டும் காட்டினார். வண்டி அதற்கப்புறம் வரவில்லை. வேறெங்கோ கொட்டுகிறான் என்று கேள்வி.

“இத்த மொதல்லயே செஞ்சிருக்கலாம் இல்ல?” என்றார் ஜெபதாஸ்.

“செஞ்சிருக்கலாம். என்ன எங்க செய்ய வுட்டீங்க? எது பெரிய கஸ்டம்னு தீர்ப்பு சொல்றதுக்கே எனுக்கு நாளு சரியாப் போச்சி.”

செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்த மழைக்காலம் ஒருவழியாக ஓய்ந்தது. பொங்கல் கழிந்து குஞ்சுகள் பறந்தன. ஒரு நாள் காலையில் மரம் சத்தமில்லாமல் நின்றது. கோமதிநாயகத்துக்கு ஆறு மாசம் நிறைந்து புது ஷூ வந்தது. பிரவீனாவின் பெயரும் ரினிவல் ஆனது. பெரிய ஸைஸ் கோட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து செய்கிற டெஸ்டிங் வேலைக்கு எப்படியோ மாற்றிக்கொண்டாள். வயிறு தெரிந்தபோது சூப்பர்வைசர் முகம் சுளித்தாராம், ஆனால் நிறுத்தவில்லை. அது அவருடைய நல்ல மனசா, ஆள் பற்றாக்குறையா என்று யாருக்கும் தெரியாது.

கூடுகள் காலியானது தெரிந்து நாகப்பன் அரிவாளோடு வந்து நின்றான். அன்னபுஷ்பம் கிளைகளைக் காட்டிக்கொண்டிருக்கும்போது கோமதிநாயகம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

“அம்மா, வெட்ட வேண்டாம்.”

“ஏன்?”

“சித்திரை வருதுல்லா. மொட்டை மாடிக்கு இந்த ஒரு நெழல்தான். இதயும் வெட்டிட்டா நான் உள்ள வெந்துருவேன்.”

“அப்போ கொக்கு?”

“அது மழைக்குத்தான வரும். வரும்போது பாத்துக்கிடலாம்.”

“யாரு பாத்துக்கறது?”

அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். நாகப்பன் சிரித்தான். அன்னபுஷ்பம் சிரிக்கவில்லை. அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

பிரவீனா பிரசவத்துக்கு செய்யாற்றில் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். ரகு கம்பெனி நண்பர்களோடு தங்கிக்கொண்டான். கீழ் அறை பூட்டியே கிடந்தது. அறை காலியா என்று தினமும் யாராவது வந்து கேட்டார்கள். “இல்ல, ஆளு கீது,” என்றே அன்னபுஷ்பம் சொல்லி அனுப்பினாள். யார் இருக்கிறார்கள் என்று ஜெபதாஸ் ஒருமுறை கேட்டபோது அவள் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த மூலையில் சிமெண்டு நன்றாக இறுகியிருக்கிறதா என்று மட்டும் வாரத்துக்கு ஒருமுறை உள்ளே போய் மிதித்துப் பார்த்துவிட்டு வருவாள்.

பெண் குழந்தை பிறந்த செய்தி வந்து, பெயர் வைக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம் பிரவீனாவிடமிருந்து போன் வந்தது.

“ஆன்ட்டி, நல்லாக் கீறீங்களா? இங்க என்னால இருக்கவே முடில. குரங்குத் தொல்ல. கொழந்த துணியக் காயப்போட்டா ஒண்ணு உடாம எடுத்துகினு போயிடுது. நேத்து ஓட்டப் பிரிச்சிட்டு உள்ள எறங்கிடுச்சி. நம்ம கொக்கே தேவல ஆன்ட்டி. இன்னா பண்றது சொல்லுங்க.”

அன்னபுஷ்பம் போனைக் காதிலிருந்து எடுத்து, கொஞ்ச நேரம் அதையே முறைத்துப் பார்த்தாள். பிறகு மறுபடி காதில் வைத்தாள்.

“செய்யாத்துல கீற கொரங்குக்கும் பென்னலூர்ல கீற நான்தான் பதில் சொல்லணுமாடி?” என்றாள். மறுமுனையில் குழந்தை வீறிட்டு அழுதது. “அது ஏன் இப்டி அழுவுது? பால் குடிச்சப்பறம் முதுகத் தட்டி வுட்டியா இல்லியா? போன அப்டியே வெச்சிட்டு, மொதல்ல புள்ளயத் தூக்கு.”